வகைக்குள் அடங்கா நூல்களும் விருந்து என்னும் வனப்பும்

இலக்கியத்தை வகைப்படுத்திக் கற்பது எமது கல்வி மரபு. தமிழ்மொழித் தினப் போட்டியிற் பங்குபற்றும் மாணவன் கட்டுரை, சிறுகதை, கவிதை என்னும் பிரிவுகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தே எழுதுகோலைத் தொடுகிறான். நூலகத்திற் புகுந்தால், தூயி தசாம்சப் பகுப்பின்படி 894.811 என்னும் எண்ணின்கீழ்த் தமிழிலக்கியம் முழுவதும் அடங்குகிறது. அதன்பின் வரும் இலக்கம் ஒன்றாயின் கவிதை, இரண்டாயின் நாடகம், மூன்றாயின் புனைகதை, நான்காயின் கட்டுரை. பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களும் இலக்கிய வரலாற்று நூல்களும் அரச இலக்கிய விருதுகளும் ஏறத்தாழ இதே நிரலையே பின்பற்றுவன.

இவ்வொழுங்கு வேண்டாததன்று. கடலனைய நூற்பரப்பிலே திசையறிய ஒரு வரைபடம் வேண்டும். ஆயினும் எந்த இறாக்கையில் வைத்தாலும் பொருந்தாது நிற்கும் நூல்கள் சில எக்காலத்தும் எழுந்துள்ளன. தேர்ந்த வாசகர் பலர் அத்தகைய நூல்களையே தேடிப் படிப்பதையும், மீண்டும் மீண்டும் அவற்றிடம் செல்வதையும் காண்கிறோம். இவ்வீர்ப்பு புதுமை நாட்டத்தால் மாத்திரம் விளைவதா? அன்றி, ஆழ்ந்த காரணம் பிறிதொன்று உண்டா? ஈழத்துத் தமிழிலக்கியத்தை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகை கடந்த எழுத்து மேனாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான சரக்கு என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. தொல்காப்பியச் செய்யுளியல் நூலுக்குரிய வனப்புகள் எட்டினைக் கூறுகிறது. அவற்றுள் இரண்டு ஈண்டு நோக்கற்பாலன. ஒன்று தொன்மை; பழைய வரலாறு உரைநடையோடு கலந்து வருவது. பெருந்தேவனார் பாரதமும் தகடூர் யாத்திரையும் இதற்கு எடுத்துக்காட்டு என்பர் பேராசிரியர். மற்றையது விருந்து, முன்னில்லாத வகையிற் புதிதாக யாக்கப்படுவது. முத்தொள்ளாயிரத்தையும் பொய்கையார் முதலியோர் செய்த அந்தாதிகளையும் அவர் இதற்குக் காட்டுவார்.

புதிய வடிவத்துக்கு இலக்கணம் இட்ட பெயர் 'விருந்து' என்பது சிந்தனைக்குரியது. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். புதிதாய் வருவோர் என்பது அதன்வழி வந்தது. முன்பின் அறியாதவரை வாயிலில் நிறுத்தி ஊரும் பெயரும் விசாரித்துத் திருப்பியனுப்புவது விருந்தோம்பலாகாது. வருவது யாதென்று முன்கூட்டி அறியமுடியாது எனினும் வரும் என்பதை ஏற்று, அதற்கென ஓர் இடத்தை ஒழித்துவைத்த இலக்கணம் எம்முடையது. உரைநடை இடையிட்ட செய்யுளாகத் தன்னைப் பதிகத்திலேயே அறிவிக்கும் சிலப்பதிகாரம், கலப்பையே பெயராகக் கொண்ட கலம்பகம் ஆகியனவெல்லாம் இம்மனப்பாங்கு நிலவிய மண்ணில் விளைந்தவை. கலம்பகம் பின்னர் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்றாகிப் பாட்டியல் நூல்களில் விதி பெற்றமையும் நோக்கத்தக்கது. நேற்றைய விருந்து இன்றைய வீட்டுக்காரராவது இலக்கியத்தின் இயல்பு.

இன்று நாம் ஐயமின்றி ஒரு வகையாகக் கொள்ளும் நாவலின் கதையும் இதுவே. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம்பிள்ளையின் நூலும், 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் நூலும் தம்மைச் 'சரித்திரம்' என்றே அழைத்துக்கொண்டன. 1891இல் இன்னாசித்தம்பி தமது நூலை 'ஊசோன் பாலந்தை கதை' என்றார். எழுதியது என்ன வகை என்பதற்கு இருப்பிலிருந்த சொற்களையே அவர்கள் எடுத்தாண்டனர். மேனாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 1580இல் மொந்தேய்ன் தாம் எழுதியவற்றுக்கு 'முயற்சிகள்' என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லையே தலைப்பாக இட்டார். வேறெந்தப் பெயரும் பொருந்தாத அந்நூலிலிருந்தே கட்டுரை என்னும் வகை ஐரோப்பாவிற் பெயர் பெற்றது.

ஆயின் புதிய வடிவம் எப்போது, எதனால் எழுகிறது? இவ்வினாவுக்கு ஈழத்து விமர்சன மரபு தெளிவான விடையொன்றைத் தந்துள்ளது. கா. சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' (1967), க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) ஆகிய நூல்கள், இலக்கிய வடிவங்கள் வானத்திலிருந்து விழுவன அல்ல என்பதை நிறுவின. அச்சு இயந்திரமும் ஆங்கிலக் கல்வியும் மத்தியதர வர்க்கமும் தோன்றியமை நாவலின் தோற்றத்துக்கு எவ்வாறு ஏதுவாயிற்று என அவை காட்டின. சமூக மாற்றமே வடிவ மாற்றத்தின் அடித்தளம் என்பது அவ்வாதத்தின் சாரமாகும்.

இவ்வாதத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்லுதல் வேண்டும். சமூகம் மாறுகையில் வடிவம் மாறும் என்றால், சமூகம் சிதறுகையில் வடிவம் என்னாகும்? ஒழுங்கான நாட்கணக்கும் நிலையான வீடும் தொடர்ச்சியான குடும்பமும் கொண்ட வாழ்விலிருந்து முளைத்த நாவல் வடிவம், அவை மூன்றையும் இழந்த மக்களின் வாழ்வைத் தாங்குமா? தாங்காத இடத்தில் வடிவம் உடைவது இயல்பேயன்றி எழுத்தாளனின் குறும்பு அன்று. வகைகளின் வரலாற்றைக் கற்பித்த அதே விமர்சன மரபிலிருந்தே வகைக்குள் அடங்காத நூல்களுக்கான நியாயத்தையும் நாம் பெறலாம் என்பது என் துணிபு.

தேவை வடிவத்தைப் படைக்கும் என்பதற்குத் தென்மராட்சி மக்கள் நன்கறிந்த ஓர் உதாரணம் உண்டு. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்குமிடையே நெடுங்காலம் தட்டிவான் ஓடியது. பழைய லொறியின் அடித்தளத்தில், பக்கம் திறந்த மரக்கூடு பொருத்திய வாகனம் அது. தேங்காய்ச் சாக்கும் பலாப்பழமும் மரக்கறிக் கடகமும் அவற்றின் சொந்தக்காரரும் அதில் ஒன்றாகச் சென்றனர். சந்தைக்குச் செல்பவரின் மூட்டைகளைப் பஸ் ஏற்றாது. மூட்டைக்குரியவரை லொறி ஏற்றாது. ஆளும் பாரமும் பிரியாது செல்லவேண்டிய தேவை இருந்தது. அத்தேவைக்கு ஏற்ற வாகனம் உருவாயிற்று. அது பஸ்ஸா லொறியா என்று எவரும் தர்க்கித்து நிற்கவில்லை. தனிப்பெயர் இட்டு ஏறிச் சென்றனர். வகை கடந்த நல்ல நூலை வாசிக்கையில் நாம் உணரும் நிறைவும் இத்தகையதே. சொல்லுபவனும் அவன் சுமையும் இங்கு பிரிக்கப்படவில்லை என்னும் உணர்வு அது.

நிற்க. ஈழத்திலே வடிவ உடைப்பைத் தத்துவப் பிரக்ஞையோடு மேற்கொண்ட முதல்வர் மு. தளையசிங்கம் (1935-1973) எனலாம். புங்குடுதீவிற் பிறந்த அவர், 'புதுயுகம் பிறக்கிறது' (1965) என்னும் தொகுதியின்மூலம் சிறுகதையாசிரியராகத் தம்மை நிலைநாட்டினார். 'ஒரு தனி வீடு' என்னும் நாவலையும் எழுதினார். ஈழத்து இலக்கியத்தை எடைபோடும் விமர்சனத் தொடரையும் எழுதினார். ஆகவே அவர் பழைய வடிவங்களைக் கையாளத் தெரியாது அவற்றை வெறுத்தவரல்லர். கையாண்டு, போதாமை கண்டு, கடக்க முனைந்தவர்.

'போர்ப்பறை' (1970), அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த 'மெய்யுள்' (1974) ஆகிய நூல்களில் இம்முயற்சி வெளிப்படுகிறது. செய்யுள் என்னும் சொல்லின் ஒலியிலேயே மெய்யுள் என்னும் சொல்லை ஆக்கியமை அவரது நோக்கத்தைப் புலப்படுத்தும். கற்பனையை ஆதாரமாகக் கொண்ட வடிவங்களின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது; இனி உண்மையை நேர்நின்று கையாளும் புதிய வடிவம் வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. கவிதைக்கும் உரைநடைக்கும், ஆக்க இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும், எழுத்துக்கும் வாழ்வுக்கும் இடையிலுள்ள வேலிகளை அவர் ஒருங்கே பிடுங்க முயன்றார். அம்முயற்சி தாளோடு நிற்கவில்லை. 1971இல் புங்குடுதீவிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நன்னீர் அள்ளும் உரிமைக்காக நடந்த சத்தியாக்கிரகத்தில் முன்னின்று, பொலிசாரின் தாக்குதலுக்கும் ஆளானார். நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார்.

தளையசிங்கத்தின் தத்துவத்தை ஏற்காதார் பலர். எம். ஏ. நுஃமான் மார்க்சிய நோக்கில் நின்று அதனை விரிவாக மறுத்துள்ளார். தத்துவத்தை ஒருபுறம் வைத்து வடிவத்தை மாத்திரம் நோக்கினும் சில குறைகளை மறைத்தல் இயலாது. கற்பனை வடிவங்கள் அழியும் என்னும் அவர் எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. 1974இன் பின்னரே ஈழத்துச் சிறுகதையும் நாவலும் பல திசைகளிற் பெருகின. மெய்யுள் என்னும் பெயர் நிலைத்தது. அவ்வடிவத்தை அவ்வாறே பின்பற்றியோர் அரிதாயினர். உணர்த்துவதற்குப் பதிலாக அறிவிக்கும் பண்பு பல இடங்களில் மேலோங்குகிறது. புதிய வடிவத்தின் பிரகடனம் ஆங்காங்கே புதிய வடிவத்தையே முந்திவிடுகிறது.

இருந்தும், தளையசிங்கத்தைப் படிப்போர் அவரை எளிதில் விட்டகலார். 2006இல் அவர் படைப்புகள் ஒருசேரத் தொகுக்கப்பெற்று வெளிவந்தமை அவ்வீர்ப்புக்குச் சான்றாகும். காரணம் யாது? தமக்கு உண்மையெனப் பட்டதைச் சொல்ல இருக்கும் பாத்திரங்கள் போதாமல் ஒரு மனிதன் திணறுவதை அப்பக்கங்களில் நேரே காண்கிறோம். வெற்றிபெற்ற சிறுகதை பலவற்றினும் அத்திணறல் எம்மை வலிதாகத் தொடுகிறது. வடிவ உடைப்பு அங்கே அலங்காரமாக நிகழவில்லை, நிர்ப்பந்தத்தால் நிகழ்கிறது.

தளையசிங்கம் புதிய வடிவத்துக்குப் பெயரிட்டுப் பறையறைந்தார். அவருக்குச் சரியாக ஒரு தலைமுறை பிந்திய ஷோபாசக்தி 'கொரில்லா' (2001) என்னும் நூலில் எப்பெயரும் இடாது வடிவத்தை மாற்றினார். இந்நூல் நாவல் என்றே வெளிவந்தது. ஆனால் அதன் முகப்பில் நிற்பது பிரான்சில் தஞ்சம் கோரும் ஒருவரின் விண்ணப்பம். விண்ணப்பதாரரின் பெயரில் ஆசிரியரின் இயற்பெயர் ஒலிக்கிறது. கதையின் இடையே அடிக்குறிப்புகள் வருகின்றன. ஆராய்ச்சி நூலுக்குரிய அவ்வுறுப்பு புனைகதைக்குள் வந்தமர்கிறது.

இதனை உத்தி என்று மட்டும் கொள்வது போதாது. அகதி விண்ணப்பம் என்பது 1983இன் பின்னர் எமது மக்கள் பெருந்தொகையாக எழுதிய, எழுதுவித்த ஓர் உரைநடை வகை. 'கேஸ்' என்று புலம்பெயர்ந்தோர் வழங்கும் அவ்வெழுத்துக்கு எந்த இலக்கிய வரலாற்றிலும் இடமில்லை. அதற்கென ஒழுங்கு உண்டு. திகதி வேண்டும், இடம் வேண்டும், துன்பம் நம்பத்தக்க அளவில் இருத்தல் வேண்டும். வாசிப்பவர் ஓர் அதிகாரி. உண்மையா கற்பனையா என்று அவர் இடும் முடிவில் ஓர் உயிர் தங்கியிருக்கிறது. அவ்விண்ணப்பத்தை நாவலின் வாயிலில் வைத்ததன்மூலம் ஷோபாசக்தி வாசகனை அவ்வதிகாரியின் கதிரையில் இருத்திவிடுகிறார். இது நாவலா, சுயசரிதையா, சாட்சியமா என்று நாம் கேட்கும்போது, வகைப்படுத்தல் எவ்வளவு கொடிய அதிகாரமாகவும் இயங்கவல்லது என்பது தெரியவருகிறது. வேறெந்த வடிவத்திலும் இவ்வுணர்வை எழுப்பியிருக்க முடியாது.

இதற்கு முற்றிலும் வேறான சுவையுடையது கொக்குவிலிற் பிறந்த அ. முத்துலிங்கத்தின் 'உண்மை கலந்த நாட்குறிப்புகள்' (2008). இதுவும் நாவல் என்றே வந்தது. ஆயினும் அத்தியாயம் ஒவ்வொன்றும் தனிக்கதையாக நிற்கவல்லது. கதைசொல்லியின் வாழ்வோ ஆசிரியரின் வாழ்வை ஒத்து ஊரிலிருந்து பல நாடுகளுக்குப் படர்கிறது. தலைப்பே வாசகனோடு விளையாடுகிறது. நாட்குறிப்பு என்றால் உண்மை என்றே எண்ணுவோம். அதில் உண்மையும் சிறிது கலந்துள்ளது என்று ஆசிரியர் முன்னெச்சரிக்கை செய்கிறார். ஷோபாசக்தியிடம் ஐயம் எம்மைக் குற்றவுணர்வுக்குள் தள்ளுகிறது. முத்துலிங்கத்திடம் அதே ஐயம் புன்முறுவலாகிறது. நாடு நாடாகச் சிதறிய வாழ்வைக் கதைப்பின்னலாற் கட்டமுடியாதபோது, ஒரு குரலின் நிதானத்தாற் கட்டலாம் என்பதை இந்நூல் மெய்ப்பிக்கிறது.

இன்னொரு வழியையும் சுட்டுதல் வேண்டும். நிலாந்தனின் 'மண்பட்டினங்கள்', 'வன்னி மான்மியம்' போன்றவை கவிதைக்கும் உரைநடைக்கும் நடுவே நிற்பன. மான்மியம் என்பது தலங்களின் பெருமை பேசும் பழைய வகை. போரினால் இடம்பெயர்ந்த மக்கள் நிறைந்திருந்த வன்னிக்கு அப்பெயரைச் சூட்டும்போது பழைய வகை புதிய பொருளால் நடுங்குகிறது. இவ்வாறு வகைகளை அழித்தும், அவற்றின் எச்சங்களை எடுத்தாண்டும் எமது எழுத்தாளர் தம் காலத்தை எதிர்கொண்டுள்ளனர்.

இவற்றையெல்லாம் கூறுவதால், வகையில் அடங்காதது யாவும் சிறந்தது என்று கொள்ளற்க. ஒழுங்காகக் கட்டுரை எழுதும் பொறுமையின்மையும் கதை அமைக்கும் திறனின்மையும் 'பரிசோதனை' என்னும் போர்வையுள் ஒளிந்துகொள்வதுண்டு. விருந்துக்கும் அழையாது நுழைந்தவனுக்கும் வேறுபாடு காண அளவுகோல் வேண்டும். நான் கருதும் அளவுகோல் எளியது. அந்நூலின் பொருளை அறியப்பட்ட ஒரு வடிவத்துக்குள் பெயர்த்து வைத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பெயர்க்கையில் இன்றியமையாதது ஏதேனும் இழக்கப்படுமாயின் அவ்வடிவம் தேவையால் எழுந்தது. எதுவும் இழக்கப்படாதாயின் அது வெறும் கோலமே. கொரில்லாவின் விண்ணப்பத்தை நீக்கிக் கதையை மட்டும் கூறின் வாசகனின் கதிரை காலியாகிவிடும். ஆகவே அது தேவை.

எமது நிலத்துக்குரிய தனிப் பொறுப்பு ஒன்றும் உண்டு. நடந்தது நடந்ததா என்பதே இன்றுவரை வழக்காக நிற்கும் நாட்டில், உண்மையையும் புனைவையும் கலப்பவர் வாளேந்தி நடப்பவராவர். இறந்தோரின் பெயரும் இறந்த நாளும் கற்பனைக்குரிய சரக்கல்ல. கலப்பு வடிவத்தை மேற்கொள்ளும் எழுத்தாளர் எங்கே புனைகிறார், எங்கே பதிவு செய்கிறார் என்பதற்கு வாசகன் பற்றிக்கொள்ள ஒரு குறிப்பாவது விடுதல் வேண்டும். அடிக்குறிப்பாயினும் தலைப்பின் ஒரு சொல்லாயினும் அப்பணியை ஆற்றும். நல்ல நூல்கள் அதனை ஆற்றியுமுள்ளன.

இது ஏட்டளவில் நிற்கும் பிரச்சினையன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் மக்கள் இலட்சக்கணக்கிற் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டுப் போரிலே தென்மராட்சி மக்களே பெயர்ந்தனர். கொடிகாமத்திலே முதியோர் இவற்றைக் கூறக் கேட்போர், அக்கூற்று எவ்வகையிலும் அடங்காமையை உணர்வர். ஒரு திகதி வரும். அன்று ஒரு போத்தல் மண்ணெண்ணெய் விற்ற விலை வரும். நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்ட சனத்தின் வருணனை வரும். இடையே ஒரு பகிடி வரும். ஒரு தேவாரத்தின் நினைவு வரும். பிறகு நெடிய மௌனம். இதனைக் கட்டுரையாக எழுதினால் பகிடி போய்விடும். சிறுகதையாக எழுதினால் விலையும் திகதியும் போய்விடும். கவிதையாக எழுதினால் சனத்தொகையே போய்விடும். இருக்கும் பிரிவுகளுக்கேற்பக் கத்தரித்து எழுதுமாறு இளையோரைப் பழக்கினால், அந்நினைவுகள் அவற்றைச் சுமப்போருடனேயே அழிந்துபோகும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. நூலிழப்பின் வலியை அறிந்த சமூகம் எமது சமூகம். தீயால் மாத்திரம் நூல்கள் அழிவதில்லை. எந்தப் பாடத்திட்டத்திலும் இடம்பெறாமல், எந்த விருதுப் பிரிவுக்கும் பொருந்தாமல், எந்த இலக்கிய வரலாற்று அத்தியாயத்திலும் குறிக்கப்படாமல் மெல்ல மறைவதும் ஓர் அழிவே. நாவல் வரலாறு எழுதுபவர் இது நாவலன்று என ஒதுக்குவர். கவிதை வரலாறு எழுதுபவர் இது கவிதையன்று என விடுவர். இருவரும் நேர்மையாளரே. ஆயினும் இருவரின் நேர்மைக்கும் இடையில் ஒரு நூல் தொலைந்துபோகிறது. 2005இல் ஆரம்பமான நூலகம் என்னும் எண்ணிம நூலகம் வகைபேதமின்றி ஈழத்து நூல்களைச் சேகரித்து வருவது இவ்வகையில் ஆறுதல் தருவது. ஆயின் சேகரித்தல் வேறு; கற்றல் வேறு.

வகைக்குள் அடங்கா நூல்களின் ஈர்ப்பு, விதி மீறலில் நாம் காணும் இளமைக் களிப்பு அன்று. சொல்லவேண்டிய பொருள் தனக்குரிய உடலைத் தானே தேடிக்கொண்ட அபூர்வத் தருணத்தை அவை எமக்குக் காட்டுகின்றன என்பதே அதன் காரணம். ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு இனி எழுதப்படுகையில் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்பவற்றோடு 'விருந்து' என்னும் தலைப்பில் ஓர் அத்தியாயம் சேர்க்கப்படுதல் வேண்டும். தளையசிங்கத்தின் மெய்யுள் அதன் முதற்பக்கங்களில் இடம்பெறட்டும். கடைசிப் பக்கங்கள் வெறுமையாக விடப்படட்டும். முதியோரின் திண்ணையிலிருந்து கேட்டெழுதும் தலைமுறை அவற்றை நிரப்பும்.